ஒன்பதாவது ஆளின் மனைவி

எங்கள் ஊர் பேஸ்போல் அணியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் எழுதப்போவதில்லை. பாதிப் பேருக்கு அதைப் பற்றிப் பேசவே பிடிக்காது, மீதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ஆகவே அந்தப் பந்தை ஒருநாளும் கையால் தொடாத நான் எழுதுகிறேன்.

ஊர் ஜேர்மனியில், வால்டோர்ஃபிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. சுற்றிவர ஸ்பார்கல் வயல்கள். மணல் வரம்புக்குள் வெள்ளைத் தண்டாக முளைக்கும் அந்த மரக்கறிக்காக இளவேனிலில் ஜேர்மன்காரர் காரில் வந்து வரிசையில் நிற்பார்கள். முன்பு பக்கத்தில் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்று இருந்தது. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். இவர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். ‘இவர்’ என்று எழுதினால் என் கணவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் மன்னார்ப் பக்கத்திலிருந்து அகதியாக வந்தவர்கள், இங்கே சந்தித்துக் கலியாணம் கட்டினோம்.

நான் சந்தேகக்காரி. யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால், இந்த ஆளுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பேன். சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி வரும்? எங்கே போகிறாய் என்று கேட்கிறவன் நான் போய்ச்சேர வேண்டும் என்ற அக்கறையில் கேட்பதில்லை என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. இங்கே வந்த பிறகும் அந்தக் குணம் குறையவில்லை. வீட்டுக்காரி ஒரு கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவந்து தந்தபோது, வாடகை கூட்டப்போகிறாள் என்று இவரிடம் சொன்னேன். கூட்டினாள்.

அப்படிப்பட்ட என் வீட்டுக்குள் பேஸ்போல் வந்தது ஒரு காற்சட்டைக் கறையாக.

இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் விளையாடப் போவார். பேஸ்போல் மைதானத்தின் தூர மூலையில், வேலிக்கும் ரயில் பாதைக்கும் இடையில், எங்கள் ஆண்கள் பல வருடங்களாக மென்பந்துக் கிரிக்கெட் விளையாடினார்கள். இலங்கைத் தமிழர்களும் வால்டோர்ஃபில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர்களும் கலந்த கூட்டம். பேஸ்போல்காரர் பயிற்சிக்கு வந்தால் இவர்கள் விக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அவர்கள் போன பிறகு திரும்ப நட வேண்டும். கிரிக்கெட் கறை பச்சையாக இருக்கும். அதை எடுக்கிற வித்தை எனக்குத் தெரியும். ஒரு வைகாசி மாதம் தொடங்கி இவருடைய காற்சட்டை செங்கல் நிறத்தில் வரத் தொடங்கியது. அதுவும் முழங்காலில் இல்லை, இடுப்போரமாக, தொடை நீளத்துக்கு. போதாக்குறைக்கு இடது உள்ளங்கை வீங்கியிருந்தது.

“இதென்ன கறை?” என்று கேட்டேன்.

“விழுந்திட்டன்.”

“ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பக்கமாய் விழுறீங்களோ?”

அவர் குளிக்கப் போய்விட்டார். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், ஜேர்மன் மொழியில், நல்ல உரிமையோடு: “ஞாயிறு வருவீர்கள்தானே? நீங்கள் இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.” நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பு எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியாது. அவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார், அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

அடுத்த ஞாயிறு மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டின சேலையோடு பஸ் எடுத்து மைதானத்துக்குப் போனேன். கண்டது இதுதான்: இவர் ஒரு மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் வயதுக்கார வெள்ளைக்காரி ஒருத்தி, தலையில் தொப்பி, கை முழுக்க வெள்ளைத் தூள், இவருடைய முழங்கையைப் பிடித்து உயர்த்துகிறாள். நான் வேலிக் கதவைத் திறந்த சத்தத்தில் விளையாடினவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆர் இவ?” என்று கத்தினேன்.

இவருக்கு முகம் செத்துவிட்டது. “அவ எங்களுக்குப் பழக்கிறவ.”

“என்னத்தைப் பழக்கிறவ?”

“பேஸ்போல்” என்றார், ஏதோ கள்ளச் சாராயம் காய்ச்சினதை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

விஷயம் இவ்வளவுதான். பேஸ்போலுக்கு ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். ஒன்பது பேர் இல்லாவிட்டால் விளையாடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள், அப்படித் தொடர்ந்து நடந்தால் அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். இவர்களிடம் எட்டுப் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அந்தப் பெண் புல்வெளியைக் கடந்து கிரிக்கெட் மூலைக்கு வந்து, பந்தைத் தூரத்துக்கு எறியக்கூடிய யாராவது வருவீர்களா என்று கேட்டிருக்கிறாள். போனவர் இவர். பேஸ்போலில் எல்லோரும் தோல் கையுறை போட்டுத்தான் பந்தைப் பிடிப்பார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளருக்கு மட்டும்தான் கையுறை, ஆகவே இவருக்கு அது வெட்கம். வெறுங்கையால் பிடித்துப் பிடித்து உள்ளங்கை வீங்கியது. செங்கல் நிறக் கறை, ஓடுகிற மண் பாதையில் பக்கவாட்டில் சறுக்கி விழுந்ததில் வந்தது. என்னிடம் ஏன் மறைத்தார் என்று கேட்டதற்கு, “நீர் சந்தேகப்படுவீர் எண்டுதான்” என்றார்.

அந்தப் பெண் எனக்கு ஒரு மடிப்புக் கதிரையும் குடையும் கொண்டுவந்து தந்தாள். கதிரையை நான் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இருந்தேன். அதன்பின் அடுத்தடுத்த வருடங்களில் கோடை ஞாயிறுகளில் நான் அந்தக் கதிரையில்தான் இருந்தேன். முதலில் காவலுக்கு. பிறகு பழக்கத்தில்.

அவளுக்கு நான் மனதுக்குள் சுண்ணாம்புக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவளே ஒரு சில்லு வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவாள், வேறு ஒருவரையும் விடமாட்டாள். அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. இதற்குள் என்ன இருக்கிறது, ஏன் ஒருவரையும் தொட விடுகிறாள் இல்லை? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அப்பா போட்ட கோடு” என்றாள்.

அணியின் கதையை அன்றைக்குத்தான் முழுக்கக் கேட்டேன். அவளுடைய அப்பா முகாமிலிருந்த ஓர் அமெரிக்க சார்ஜன்ட். அறுவடை முடிந்த ஸ்பார்கல் வயல் ஒன்றில் ஊர்ப் பையன்களைச் சேர்த்து இந்த விளையாட்டைப் பழக்கினார். வரம்பு மேடுகளில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதாம். வயல்காரன் அவர்கள் தன் பயிரைத் தோண்டிப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு நாயை அவிழ்த்துவிட்டான். பிறகு சங்கம் பதிந்து, ரயில் பாதைக்குப் பக்கத்தில் இந்தப் புல்வெளியை நகரசபையிடம் வாங்கினார்கள். நகரசபைக்கு அமெரிக்கர்கள் இதை வேறு எதற்கோ கேட்கிறார்கள் என்று ஒரு பயம், ஆகவே சொந்தமாகக் கொடுக்காமல் குத்தகைக்குத்தான் கொடுத்தது. அணி வளர்ந்தது. படிப்படியாக மேலே ஏறி ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த அணியைக்கூட வென்றது. தோற்றவர்கள், பாதிப் பேர் சிப்பாய்கள், இது ஊர் அணியே இல்லை என்று முறையிட்டார்கள். அந்த முறைப்பாட்டில் உண்மை இருந்தது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு அப்பாவுடைய படைப்பிரிவு திரும்பிப் போனது. அவர் போனார், அவளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கூப்பிடுகிறேன் என்று சொன்னவர் கூப்பிடவில்லை. கடைசியில் முகாமையே மூடினார்கள். சிப்பாய்கள் இல்லாத அணி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக் கடைசிப் படிக்கு வந்தது. அவள் மட்டும் அணியை விட்டுப் போகவில்லை. சின்ன வயதில் பந்து பொறுக்கினாள், பிறகு விளையாடினாள், இப்போது பழக்குகிறாள்.

“இது போனால் அவரிடமிருந்து எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை” என்றாள்.

கண்ணீரையும் சந்தேகிக்கிறவள் நான். வேலையிடத்தில் கிழவிகள் இரண்டாவது புடிங் வாங்க அழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவள் அழவில்லை, சில்லில் ஒட்டின சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். அதை நம்பினேன். எனக்கு அவளைப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இவர் ஆடின ஆட்டங்களில் ஒன்றை எழுதாமல் விட முடியாது. பக்கத்து ஊர் அணியோடு கடைசிச் சுற்று. ஓர் ஓட்டம் எடுத்தால் சமன், இவர் ஆட்டமிழந்தால் தோல்வி. இவர் அடித்தார், நல்ல அடி, பந்து தரையில் உருண்டு தூரமாகப் போனது. பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். முதல் மூலையில் ஒரு வெள்ளைப் பை கிடக்கும், அதைக் காலால் மிதிக்க வேண்டும். இவர் மட்டையையும் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். பந்து திரும்பி வருவதைக் கண்டதும், கிரிக்கெட்டில் கோட்டுக்குள் மட்டையை நுழைப்பது போல, ஆள் நீட்டி விழுந்து மட்டையின் நுனியால் அந்தப் பையைத் தொட்டார். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் “வந்திட்டார்! வந்திட்டார்!” என்று துள்ளினார்கள். நானும் துள்ளினேன். ஜேர்மன்காரர் ஒருவரும் அசையவில்லை. நடுவர் அவுட் என்று பெருவிரலை உயர்த்தினார். ஆட்டம் முடிந்தது.

நடுவருக்குத் தமிழரைப் பிடிக்காது என்று எங்கள் பக்கத்தில் உடனே முடிவாகிவிட்டது. சுண்ணாம்புக்காரி வந்து, மட்டையால் தொட்டது கணக்கில்லை, காலோ கையோ பட வேண்டும் என்று விளக்கினாள். இனி இவரை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். இவருக்கு அந்த அணி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னர் வேலை முடிந்து வந்தால் சோபாவில் விழுந்து, ஊர்ச் செய்திகளைத் தொலைபேசியில் உருட்டி உருட்டிப் பார்த்து, யாரையாவது திட்டிவிட்டுப் படுக்கிற மனிதர். விளையாடத் தொடங்கிய பிறகு சிரிக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் அவள் இவரைத் திட்டவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இவருடைய முதுகில் தட்டி, அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு நேரத்தோடு வரச் சொன்னாள்.

இனித் தலைவருக்கு வருவோம்.

சங்கத்தின் தலைவர் பேஸ்போல் விளையாடினவரில்லை. காப்புறுதி விற்று ஓய்வுபெற்றவர், எந்த வெயிலிலும் மடிப்புக் கலையாத சட்டை. வேறு யாரும் பதவியை ஏற்காததால் அவர் தலைவரானார் என்று சொன்னார்கள். ஒரு தை மாதம் அவர் கேக் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கேக் என்றதும் எனக்கு உடம்பு விறைத்தது. சங்கத்தில் குடும்ப உறுப்புரிமை என்று ஒன்று இருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேரலாம், மற்றக் கிரிக்கெட் நண்பர்களும் மனைவிமாரோடு சேர்ந்தால் நகரசபைக்கு முன்னால் சங்கம் பெரிதாகத் தெரியும் என்று இனிக்க இனிக்கப் பேசினார். நான் ஊற்றின தேநீரை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் போனதும் இவரைப் பிடித்தேன். “எனக்கு மட்டை பிடிக்கவும் தெரியாது. என்னை ஏன் சேர்க்கிறார்?”

“ஆக்கள் கூடினால் நல்லதுதானே.”

“ஆருக்கு நல்லது?”

“உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்” என்றார் இவர்.

அந்த மாதமே கிரிக்கெட் மூலையிலிருந்த எல்லாக் குடும்பங்களும் உறுப்பினர்களாகிவிட்டன. வால்டோர்ஃபில் வேலை செய்யும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் எங்களோடு விளையாட வருவார், என்னை அக்கா என்பார். அவரிடமும் கேட்டேன். “அக்கா, அது ஜஸ்ட் ஃபார்மாலிட்டிக்கா. நீங்க ரொம்ப ஓவர்திங்க் பண்றீங்க” என்றார். சிரித்த முகம். ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் காலணியின் நாடாவைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மைதானத்தில் இரண்டு பேர் அளவுச் சில்லை உருட்டி அளந்துகொண்டு போனதைக் கண்டேன். கேட்டதற்கு நிலத்தடிக் குழாய் பார்க்கிறோம் என்றார்கள். குழாய் பார்க்கிறவனுக்கு எதற்கு உதைபந்தாட்டக் கழகத்தின் சின்னம் போட்ட ஜக்கெட்? ஊரிலே பெரிய சங்கம் அந்த உதைபந்தாட்டக் கழகம்தான். செயற்கைப் புல் போட இன்னொரு நிலம் தேடுகிறார்கள் என்று முதியோர் இல்லத்தில் தாதிகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. தலைவரும் அவர்களுடைய செயலாளரும் ஒரே மேசையில் பியர் குடித்ததை இவரே பார்த்துவந்து சொன்னார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரியாக வந்தது.

வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கான அழைப்பு வந்தபோது நான் நினைத்தது நினைத்தபடியே இருந்தது. பேஸ்போல் சங்கத்தைக் கலைத்து உதைபந்தாட்டக் கழகத்தோடு சேர்ப்பது பற்றி வாக்கெடுப்பு. சங்கம் கலைந்தால் குத்தகை நிலம் அவர்களுக்கு, அணி இல்லை. ஆனால் கலைக்க வேண்டுமென்றால் வந்தவர்களில் நாலில் மூன்று பங்கு கை உயர வேண்டும். தமிழர் ஒன்றும் விளங்காமல் தன்னைப் பார்த்துக் கை உயர்த்துவார்கள் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் கேக்கோடு வந்திருக்கிறார்! எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அடுத்த நாளே சுண்ணாம்புக்காரி என் வேலையிடத்துக்கு வந்தாள். இடைவேளையில் பின்வாசலில் நின்று பேசினோம். அவளுக்கு முகம் வெளிறியிருந்தது.

“விளையாடுகிறவர்கள் என் பக்கம். விளையாடாத பழைய உறுப்பினர்கள் எல்லோரும் தலைவர் பக்கம். உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது” என்றாள்.

“எங்கள் ஆட்கள் உங்களோடுதான்.”

“உங்கள் கணவரிடம் கேட்டீர்களா?”

“அவரைக் கேட்கத் தேவையில்லை” என்று சொல்லி அவளுடைய கையைப் பிடித்தேன். “நான் சொல்கிறேன். நம்புங்கள்.”

அவள் நம்பினாள். விலகிப்போன பழைய ஆட்டக்காரர்களை ஊர் ஊராகத் தேடிப்போய்த் திரும்பச் சேர்க்க நினைத்திருந்தாள், அதை விட்டுவிட்டாள். வரப்போகிற ஆட்டங்களுக்குப் புதிய சுண்ணாம்பு வாங்கினாள்.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டு வரவேற்பறையில் கிரிக்கெட் ஆட்கள் எல்லோரும் கூடினார்கள். தொலைக்காட்சியில் மட்ச் என்றார்கள். நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. கோயம்புத்தூர்த் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று தெரியும், அந்தக் கதையாக்கும் என்று நினைத்துத் தட்டை வைத்துவிட்டு வந்தேன். மட்சின் சத்தம் குறைவாக இருந்தது. அளவுச் சில்லு உருட்டினவனின் ஜக்கெட்டைக் கவனித்த என் கண்ணுக்கு இது படவில்லை.

எங்கள் சங்கங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடமோ, கோவில் பெருநாள் குழுவோ, எதுவாக இருந்தாலும் கூட்டத்தில் ஒன்றும் தீர்மானிப்பதில்லை. முதல்நாள் யாராவது ஒருவருடைய வீட்டில் ஆண்கள் இருந்து கதைத்து முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் கை உயர்த்துவதும் தேநீர் குடிப்பதும்தான். எதிர்த்துக் கை உயர்த்தினால் அது அபிப்பிராயம் இல்லை, அது சண்டை. இந்த வழக்கத்தை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். இருந்தும் அது ஜேர்மன்காரரின் பேஸ்போல் சங்கத்துக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூட்டம் சங்கத்தின் சின்ன மண்டபத்தில், ஞாயிறு காலை. சுவரில் சார்ஜன்டும் பையன்களும் வயலில் நிற்கிற படம். சுண்ணாம்புக்காரி முன்வரிசையில் இருந்தாள். உள்ளே வந்த எங்கள் ஆட்களைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, சங்கத்தைக் கலைப்பதற்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டார்.

பழைய உறுப்பினர்களின் கைகள் ஒன்றிரண்டாக எழுந்தன. பிறகு எங்கள் பக்கத்தில் எல்லாக் கைகளும் ஒரேயடியாக எழுந்தன, பெருநாள் குழுக் கூட்டத்தில் எழுகிற மாதிரியே. மனைவிமாரின் கைகளும் எழுந்தன. எனக்குப் பக்கத்திலிருந்த கையும் எழுந்தது.

விளங்காமல் உயர்த்துகிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். “கையைக் கீழ போடுங்கோ! இது கலைக்கிறதுக்கு!”

“தெரியும். பேசாமல் இரும்” என்றார், முன்னாலே பார்த்தபடி.

எதிரானவர்கள் என்று கேட்டபோது விளையாடுகிற ஜேர்மன்காரர்களின் கைகளும் சுண்ணாம்புக்காரியின் கையும் எழுந்தன. நானும் உயர்த்தினேன். தமிழர் வரிசையில் அது ஒன்றுதான். பின்னாலிருந்த பெண்கள் குசுகுசுத்தார்கள். அவள் திரும்பி எங்கள் வரிசை முழுவதையும் பார்த்தாள், என் கையைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. தலைவர் கைகளை எண்ணி, நாலில் மூன்று பங்கு தாண்டிவிட்டது என்று நன்றி சொல்லி, அடுத்த அறையில் கேக் இருப்பதாக அறிவித்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் இவரைப் பிடித்தேன்.

“என்ன வேலை பாத்தீங்கள்? உங்கட அணியெல்லோ அது!”

“என்ர அணியோ?” என்றார். கோபமாக இல்லை, களைத்துப்போன குரலில் சொன்னார். “ரயில் பாதைக்குப் பக்கத்தில உதைபந்துக்காரர் எங்களுக்குக் கிரிக்கெட் பிச் போட்டுத் தாறாங்கள். சீமெந்து போட்டு, மேல பாய் விரிச்சு. ஞாயிறு முழுக்க எங்கட. எத்தினை வருசம் விக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கி நிண்டனாங்கள்? அவ ஒருநாள் எண்டாலும் எங்களிட்ட வந்து கதைச்சவவோ? ஒன்பது பேர் இல்லையெண்ட உடனதான் வந்தவ. எட்டுப் பேருக்குப் பதிலா ஒன்பது பேர் இருந்திருந்தால் இண்டைக்கும் நான் ஆரெண்டு அவவுக்குத் தெரியாது.”

இவ்வளவு காலமும் வேறு எல்லாவற்றையும் சந்தேகித்த நான் இதை ஒருநாளும் யோசிக்கவில்லை. இவர் யோசித்திருக்கிறார். அந்தப் பையை மட்டையால் தொட்டுவிட்டு எழும்பித் தூசி தட்டி எல்லோரோடும் சேர்ந்து சிரித்த நேரத்திலும் யோசித்திருப்பார் போல.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னால் நீர் நேர போய் அவவுக்குச் சொல்லியிருப்பீர். சொல்லமாட்டன் எண்டு சொல்லும் பாப்பம்.”

சொல்லியிருப்பேன்தான். அவர் காருக்குள் ஏறி இருந்தார். நான் ஏறவில்லை. மண்டபக் கதவைத் திறந்துகொண்டு சுண்ணாம்புக்காரி வந்தாள். கையில் சார்ஜன்டின் படம், சுவரிலிருந்து கழற்றியிருந்தாள். நேராக என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் மெதுவாக, மரியாதையாக, ஒரு கேள்விதான் கேட்டாள்.

“உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?”

“எனக்குத் தெரியாது” என்றேன். “சத்தியமாகத் தெரியாது. நான் எதிர்த்துத்தான் கை உயர்த்தினேன்.”

அவள் காருக்குள் இருந்த இவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கூட்டத்துக்கு முதல்நாள் எல்லோரும் கூடியது எங்கள் வீட்டில்தான் என்று அதற்குள் யாரோ சொல்லியிருப்பார்கள். நான் பொரித்த ரோல்ஸைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்.

“சரி” என்று சொல்லித் தலையசைத்துவிட்டுப் படத்தை மாரோடு அணைத்துக்கொண்டு போனாள். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.